சிகிச்சைக்கு முன், சிரித்த முகம்

அந்த வீட்டுல ரேடியோன்னா அது பொட்டி இல்ல, பொண்ணு. எட்டு வயசு. காலையில கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே வாய் முழிச்சுக்கும். பல் தேய்க்கும்போது பேசும், தூங்கும்போது பேசும், பேசாதேன்னா ஏன் பேசக் கூடாதுன்னு அரை மணி நேரம் பேசும். அப்பா டைல்ஸ் போடற வேலை. நாள் பூரா கல்லறுக்கற மெஷின் பக்கத்துலயே கிடந்துட்டு வந்து, "அந்த மெஷினாவது கரண்ட் போனா நிக்கும்"பாரு. சும்மா சொல்றதுதான். அந்தச் சத்தம் இல்லேன்னா அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அன்னிக்கு செவ்வாக்கிழமை ரேடியோ நின்னு போச்சு.

ஸ்கூல்ல மணி அடிக்கறதுக்கு முன்னாடி குழாயில குனிஞ்சு தண்ணி குடிச்சிருக்கு. பின்னாடி வரிசையில யாரோ யாரையோ தள்ள, அது இதுமேல விழ, வாய் போயி குழாய்மேல மோதிடுச்சு. மேல் வரிசையில நடுவுல இருக்கற ரெண்டு பல்லு. ஒண்ணுல பாதி, இன்னொண்ணுல ஒரு மூலை. போன வருஷம்தான் பழசு விழுந்து புதுசா முளைச்ச பல்லு, ஓரத்துல ரம்பம் மாதிரி அந்தச் சின்னச் சின்னக் கூரு கூட இன்னும் தேயல. அழுதுகிட்டே ரெண்டு துண்டையும் தானே தேடிப் பொறுக்கி எடுத்திருக்கு, சமர்த்து. டீச்சரும் விவரமானவங்க. டீ போட வச்சிருந்த பாலை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவுல ஊத்தி, துண்டு ரெண்டையும் அதுல போட்டு மூடி, "காயவிடாம கொண்டு போங்க சார், அப்படியே திரும்ப ஒட்டிடுவாங்க"ன்னு கொடுத்தாங்க.

அப்பா வேலை எடத்துல இருந்து பையும் கையுமா அப்படியே ஓடி வந்திருந்தாரு. பார்த்தா பொண்ணு கைக்குட்டையை வாய்மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. "வலிக்குதா கண்ணு?" தலையாட்டல். "பசிக்குதா?" ஆட்டல். நோட்டை எடுத்து எழுதிக் காட்டுச்சு: "இனிமே பேச மாட்டேன். ஸ்கூலுக்கும் போக மாட்டேன்."

அவரு பையைக் கீழ வச்சுட்டு அது பக்கத்துல உக்காந்தாரு. "அட, இதுக்கா? அப்பாவுக்கு ஒட்டற வேலை தெரியாதா? துண்டு கையில இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி"ன்னாரு.

அந்த மிச்சப் பாதி வேலை, பல் ஆஸ்பத்திரியில இருந்துது.

பெரிய ஆஸ்பத்திரி. வாசல்ல ஒரு பலகை: 'ஆவணத்தில் முதலிடம்.' வாட்ச்மேன் கையைக் குறுக்க நீட்டினாரு.

"டப்பாவுல என்ன?"

"பல்லுண்ணே."

"யாரோடது?"

"இந்தப் பாப்பாவோடது."

"வாய்க்குள்ள இருந்தா நோயாளி. டப்பாவுல இருந்தா பொருள். பொருளுக்கு ரிஜிஸ்தர் இருக்கு." நாக்கைத் துருத்திக்கிட்டு எழுதினாரு: 'பல் துண்டு இரண்டு, பால் அரை டம்ளர், டப்பா ஒன்று.' "திரும்பிப் போகும்போது எல்லாம் சரியா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் வெளிய விட மாட்டோம்."

"ஒட்டிட்டா துண்டு ரெண்டும் குறையுமேண்ணே?"

வாட்ச்மேன் ரிஜிஸ்தரை முதல் பக்கம் வரைக்கும் புரட்டினாரு. "இதுவரைக்கும் யாருக்கும் குறைஞ்சதில்ல"ன்னாரு.

உள்ள போனா நீளமா ஒரு கூடம். ஒரு பக்கம் பெஞ்சு, பெஞ்சு நிறைய ஜனம், கன்னத்துல கை, கண்ணுல தண்ணி. எதிர்ப்பக்கம் கண்ணாடிச் சுவர். அதுக்குப் பின்னாடி பன்னெண்டு நாற்காலி, சாய்ஞ்சு படுக்கற மாதிரி, மேல விளக்கு வச்சது. பன்னெண்டும் காலி! பாதிக்கு மேல பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கல. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு டாக்டர் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பெஞ்சு டாக்டரைப் பார்க்குது, டாக்டர் பெஞ்சைப் பார்க்கறாங்க. என்ன கூத்துன்னே அவருக்குப் புரியல.

ஆறாம் நாற்காலி டாக்டரம்மா மூஞ்சியில கொஞ்சம் ஈரம் இருந்த மாதிரி பட்டுது. நேரா அங்க போயிட்டாரு. அவங்க டப்பாவைத் திறந்து பார்த்தாங்க. "பால்ல போட்டது யாரு? கெட்டிக்காரங்க." பாப்பாவைக் கைக்குட்டையை எடுக்கச் சொல்லி, டார்ச் அடிச்சு, தொடாம எட்ட நின்னே பார்த்தாங்க. "நரம்பு வெளிய தெரியல, பிழைச்சோம். துண்டைச் சுத்தம் பண்ணி, பசை வச்சு, லைட் காட்டினா அரை மணி நேர வேலை. ஆனா மதியத்துக்குள்ள முடிச்சிடணும், தள்ளிப் போடப் போட நல்லதில்ல."

"பண்ணிடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

"ஃபைல் எங்க?"

"ஃபைலா?"

"ஃபைல் இல்லாம கையுறை போட்டா ஒரு ஜோடி குறையும். குறைஞ்சா எனக்கு மெமோ. போன மாசம் ஒரு பெரியவர் வலி தாங்காம சுவத்துல முட்டிக்கிட்டாரேன்னு கை வச்சேன். அவருக்கு ஒரு பல்லு போச்சு, எனக்கு மூணு மெமோ வந்துது. நீங்க ஓடிப் போயி ஃபைல் போட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போக மாட்டேன். போனாலும் மெமோதான்."

ஃபைல் செக்‌ஷன்ல ஒரு சூப்பிரண்டு அம்மா. மலை மாதிரி ஃபைல் கட்டு, அதுக்கு நடுவுல தலை மட்டும் தெரியும். எல்லாரும் கோப்பம்மான்னுதான் கூப்பிடறது. அவங்களுக்கும் அதுல ஒரு பெருமை.

"வயசு?"

"எட்டும்மா."

"பதினாலுக்குக் கீழ மஞ்சள் ஃபைல். பல்லு?"

"விழுந்து முளைச்ச பல்லு."

"நிரந்தரப் பல்லுக்கு நீல ஃபைல்." பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. "எட்டு வயசுல எதுக்கு அதுக்குள்ள நிரந்தரப் பல்லு?"

இவரு என்னமோ அவசரப்பட்டு கடையில வாங்கி மாட்டின மாதிரி கேக்கறாங்க. "முளைச்சிடுச்சும்மா"ன்னாரு, தப்பு பண்ணவரு மாதிரி.

"இப்படித்தான் எல்லாரும் சொல்றீங்க." பெருமூச்சு விட்டுட்டு, ஒரு மஞ்சளையும் ஒரு நீலத்தையும் எடுத்து, ரெண்டையும் நடுவுல வெட்டி, பாதிக்குப் பாதி வச்சு ஒட்டினாங்க. கோந்து தடவினது என்ன, மூலையை நகத்தால நீவி விட்டது என்ன, ஊதிக் காயவச்சது என்ன! இவ்வளவு பக்குவமா ஒட்டத் தெரிஞ்ச அம்மா பல்லையும் ஒட்டிட்டா தேவலையேன்னு தோணுச்சு அவருக்கு.

"ஆச்சாம்மா?"

"எட்டாம் பக்கம் காலியா இருக்கே. படம் எடுத்துட்டு வாங்க. 'சிகிச்சைக்கு முன், சிரித்த முகம்.' பல்லு தெரியச் சிரிக்கணும்."

"பல்லு உடைஞ்ச குழந்தை எப்படிம்மா சிரிக்கும்?"

கோப்பம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. சின்னப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கற மாதிரி பொறுமையாத்தான் சொன்னாங்க. "இத பாருங்க. முந்தின வருஷம் ஆய்வுக் குழு வந்துது. ஃபைலைப் பிரிச்சா 'முன்' படத்துல அத்தனை பேரும் அழுத மூஞ்சி. வர்றவங்க எல்லாம் அழுதுகிட்டே வந்தா, ஆஸ்பத்திரிக்கு என்ன மரியாதை? அன்னிக்குப் போட்ட விதி. இப்போ எங்க ஃபைல்ல அழற ஆளே கிடையாது. போன வருஷம் மட்டும் நாலாயிரம் ஃபைல் முடிச்சோம்."

"நாலாயிரம் பல்லா!"

"பல்லு வேற செக்‌ஷன்."

படம் எடுக்கற ரூம்ல ஃபோட்டோக்காரர் நல்ல மனுஷன். கிலுகிலுப்பை ஆட்டினாரு, கோமாளித் தொப்பி போட்டாரு, பூனை மாதிரி கத்தினாரு. ரேடியோ வாயை இறுக்கி மூடிக்கிட்டு நின்னுது. மேலுதடு வேற வீங்கி, மூஞ்சி கோபக்காரக் கிளி மாதிரி. அப்பாவும் தன் பங்குக்குத் தவளை மாதிரி ரூமைச் சுத்தித் தாவினாரு. மூணாவது சுத்துல ரேடியோ நோட்டை நீட்டுச்சு: "அப்பா, மானம் போகுது."

பதினேழு படம். பதினேழுலயும் மூடின வாய்.

"வருத்தப்படாதீங்கண்ணே"ன்னாரு ஃபோட்டோக்காரர். "போன வாரம் ஒரு தாத்தா நாலு நாள் வந்து போனாரு. நாலாம் நாள் சிரிச்சுட்டாரு. அதுக்குள்ள பல்லு தானா விழுந்துடுச்சு, அந்த நிம்மதியில சிரிச்சாருன்னு வச்சுக்குங்க. ஆனா ஃபைல் பாருங்க, அவ்வளவு அம்சமா வந்துது!"

பதினேழு படத்தையும் எடுத்துக்கிட்டு திரும்ப கோப்பம்மாகிட்ட வந்தா, மேஜைமேல வச்சுட்டுப் போன டப்பாவைக் காணோம்.

மேஜைக்கு அடியில குனிஞ்சு தேடினாரு. "இங்க ஒரு டப்பா இருந்துதேம்மா?"

"பாலா? பியூன் எடுத்துட்டுப் போனாரே, டீ போட."

பாய்ஞ்சு போனாரு பாருங்க! கூடத்துக் கடைசியில அடுப்பு, அதுல தேயிலை கொதிக்குது, பியூன் டப்பாவைச் சாய்க்கப் போறாரு. "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க, உள்ள பல்லு!" பியூன் எட்டிப் பார்த்தாரு. வெள்ளைப் பால்ல வெள்ளைத் துண்டு ரெண்டு. பொறுமையா மூடியைப் போட்டு நீட்டினாரு. "சூப்பிரண்டம்மா வடிகட்டித்தான் குடிப்பாங்க, ஒண்ணும் ஆயிருக்காது"ன்னாரு.

அதுக்கப்புறம் அந்த டப்பாவை அவரு இடுப்புல சொருகினவருதான். எடுக்கவே இல்ல.

கோப்பம்மா பதினேழு படத்தையும் புரட்டி உதட்டைப் பிதுக்கினாங்க. "இது சிரிப்பில்ல, தர்ணா. இந்த மாதிரி கேஸுக்குத்தான் சிரிப்பு ஆலோசகர் இருக்காரு. ஆனா அவரு இன்னிக்கு புன்னகை நாள் விழாவுல ரிப்பன் கட்டப் போயிட்டாரு. வியாழக்கிழமை வாங்க."

"வியாழனா? மதியத்துக்குள்ள ஒட்டணும்னாங்களே!"

"டப்பா எதுக்கும் பத்திரமா இருக்கட்டும்"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

மணி பதினொண்ணரை. பொண்ணு அவரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டே வருது, ஒரு சத்தம் இல்ல. இந்த நேரத்துக்கு வாட்ச்மேன் மீசையில இருந்து கோப்பம்மா கண்ணாடி வரைக்கும் ஆயிரம் பேசியிருக்க வேண்டிய குழந்தை. அவருக்குக் கத்தலாம்னு இருந்துது. பல்லைக் கடிச்சுக்கிட்டாரு.

அப்பத்தான் பக்கத்து அரங்கத்துல இருந்து 'டமால்'னு ஒரு சத்தம்.

எல்லாரும் ஓடினாங்க, இவங்களும் ஓடினாங்க. மேடையில ஆள் உசரத்துக்கு ஒரு பல்லு, பிளாஸ்டர்ல செஞ்சு பளபளன்னு பெயிண்ட் அடிச்சது. சிறப்பு விருந்தினர் வந்து அதுக்கு மாலை போடணும், அதுதான் விழா. தூக்கிட்டு வந்தவங்க தூண்ல இடிச்சுட்டாங்க. மூலை ஒண்ணு உடைஞ்சு தரையில கிடக்கு. ஆஸ்பத்திரி இயக்குநர், கோட்டு சூட்டு போட்டவரு, கையில பேச வேண்டிய தாளோட அதைச் சுத்திச் சுத்தி வர்றாரு.

"இன்னும் இருவது நிமிஷத்துல அவரு வந்துடுவாரு! உடைஞ்ச பல்லுக்கா மாலை போடறது? ஒட்டத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா இந்த ஆஸ்பத்திரியில?"

ஆறாம் நாற்காலி தவிர மத்த பதினொரு டாக்டரும் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கல.

"எனக்குத் தெரியும் சார்"ன்னாரு அப்பா. பையைத் திறந்தாரு, உள்ள கரணை, வெள்ளைச் சிமெண்ட், பசை, துணி. "பத்து நிமிஷ வேலை."

"ஒட்டுங்க, ஒட்டுங்க!"

மூச்சு வாங்க கோப்பம்மா வந்து சேர்ந்தாங்க. "சார், அந்தப் பல்லு தளவாடக் கணக்குல இருக்கு. ஃபைல் போடாம தொட முடியாது. எட்டாம் பக்கத்துக்கு..."

"ஃபைலாவது ஒண்ணாவது!" இயக்குநருக்கு மூஞ்சி சிவந்து போச்சு. "உடைஞ்ச பல்லை வச்சுக்கிட்டு ஃபைல் போடுவாங்களாம்மா யாராவது? உடைஞ்சா உடனே ஒட்டணும்! இது கூடவா சொல்லித் தரணும்?"

அப்பா சிமெண்ட் குழைச்ச கரணையை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னாரு. காலையில இருந்து அந்தக் கட்டடத்துல அவரு கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"சார், இப்போ சொன்னதை எழுதிக் கொடுத்துடுங்க. இங்க எழுதாத எதுக்கும் உசிரில்லையாம்."

"ஐயோ, தாள் கொண்டு வாங்கப்பா!" இயக்குநரோட தாளெல்லாம் பேச்சு எழுதின தாள். ரேடியோ முன்னாடி வந்து நோட்டை நீட்டுச்சு. அவரு எழுத ஆரம்பிச்சதும் அப்பா சட்டையைப் பிடிச்சு இழுத்து, டப்பாவைக் காட்டி, தன் வாயைக் காட்டுச்சு. அப்பாவுக்குப் புரிஞ்சுது.

"பெரிய பல்லுக்கு மட்டுமா சார்? சின்னப் பல்லுக்கும் சேர்த்தா?"

"பெரிசு, சின்னது, வாயில இருக்கறது, மேடையில இருக்கறது, எல்லாத்துக்கும்தான்யா! இன்னிக்கு இந்தக் கட்டடத்துல எந்தப் பல்லு உடைஞ்சிருந்தாலும் ஃபைல் கேக்காம ஒட்டணும். போதுமா?" அதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில இருந்து சீல் எடுத்துக் குத்தினாரு. அங்க சீல் இல்லாம யாரும் நடமாடறதில்ல.

அப்பா வேலையை ஆரம்பிச்சாரு. தூசியைத் துடைச்சு, பசை தடவி, துண்டைப் பொருத்தி அழுத்தினாரு. பக்கத்துலயே இயக்குநர் பேச்சை ஒத்திகை பார்க்கறாரு. "எங்கள் மருத்துவமனையில் ஒரு குழந்தைகூட அழுததில்லை! இது வாய்ப்பேச்சு இல்லை, படத்தோடு ஆதாரம் இருக்கிறது! நோயாளி வருவார், போவார். ஆவணமே என்றும் நிற்கும்!" துண்டு ஒட்டற வரைக்கும் மூணு தடவை சொன்னாரு. ரேடியோ அவரைக் கண் கொட்டாம பார்த்துது.

கடைசியா ஈரத்துணியால ஒரு இழுப்பு. ஒட்டின எடம் தெரியல. இயக்குநர் தேங்க்ஸ் சொன்னாரோ என்னமோ, கேக்கறதுக்கு இவங்க அங்க இல்ல. ஆறாம் நாற்காலிக்கு ஓடிட்டாங்க.

டாக்டரம்மா நோட்டை ஒரு தடவை படிச்சாங்க. திருப்பி இன்னொரு தடவை. அப்புறம் கையுறையை எடுத்து, படார்னு சத்தம் வர மாட்டினாங்க பாருங்க, பெஞ்சுல இருந்தவங்க அத்தனை பேரும் திரும்பிட்டாங்க.

முதல்ல துண்டைக் கழுவி, அது வாயில சரியாப் பொருந்துதான்னு வச்சுப் பார்த்தாங்க. நீலமா ஒரு ஜெல் தடவி, கழுவி, காத்து அடிச்சாங்க. அப்பா எட்டிப் பார்த்து, "சொரசொரப்பாக்கறீங்களாம்மா? நாங்களும் டைல்ஸுக்குப் பின்னாடி அப்படித்தான்"ன்னாரு. "அதே தொழில்தான் சார், எனக்கு எடம் கொஞ்சம் குறுகல்"ன்னாங்க. பசை வச்சு, துண்டைப் பொருத்தி, நீல லைட்டைக் காட்டி, மிச்சப் பசையை வழிச்சு எடுத்தாங்க. அடுத்த பல்லும் அதே மாதிரி. இருவத்தஞ்சு நிமிஷம்.

"முன்பல்லால எதையும் கடிச்சு இழுக்கக் கூடாது. ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டணும். இந்தா கண்ணாடி."

ரேடியோ கண்ணாடியைப் பார்த்துது. நாக்கால தடவிப் பார்த்துது. அப்பாவைப் பார்த்துது. அவரு மூக்கு, புருவம், மீசை எல்லாம் வெள்ளைச் சிமெண்ட். அப்படியே குபுக்குனு சிரிச்சிடுச்சு. "அப்பா, நீ கிழவனாயிட்டே! அந்த மாமா சீல் குத்தும்போது பேச்சுத் தாளைத் தலைகீழா பிடிச்சிருந்தாரு, அந்த அம்மா செருப்பு ஒண்ணு வழியில கழண்டு போச்சு, தெரியாமலே வந்து நின்னாங்க, வாட்ச்மேன் மாமா மீசையில ஒரு பக்கம்தான் கறுப்பு, பியூன் மாமா..." ஒரு காலைப் பொழுதோட பாக்கி, மூச்சு விடாம வருது. அப்பா துணியால மூஞ்சியைத் துடைக்கற மாதிரி கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

பளிச்! ஃபோட்டோக்காரர் எங்க இருந்து வந்தாரோ. பின்னாடியே கோப்பம்மா, அந்த ரெண்டு கலர் ஃபைலோட.

"சிரிச்சிடுச்சு! விதிப்படி பல்லு தெரியுது! ஒட்டுங்க 'முன்' கட்டத்துல."

"அம்மா, இது ஒட்டினதுக்கு அப்புறம் எடுத்தது..."ன்னு இழுத்தாரு அப்பா.

"சிரிக்குதா இல்லையா?"

"சிரிக்குது."

"சிரிச்ச முகம் 'முன்' கட்டத்துக்குத்தான். எட்டாம் பக்கம் படிச்சுப் பாருங்க. 'பின்' கட்டத்துக்கு அந்தப் பதினேழுல நல்லதா ஒண்ணு போட்டுக்கறேன். ஃபைல் முடிஞ்சுது!"

வாசல்ல வாட்ச்மேன் ரேடியோவை வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடிச்சு ரெண்டு துண்டையும் எண்ணி, ரிஜிஸ்தர்ல டிக் போட்டாரு. பால் மட்டும் கால் டம்ளர் குறைஞ்சிருந்துது. அதுக்கு விளக்கம் எழுதி வாங்கிட்டுத்தான் விட்டாரு.

ஒரு மாசம் கழிச்சு காட்டறதுக்குப் போனாங்க. கூடத்துச் சுவத்துல புதுசா ஒரு பெரிய படம், கண்ணாடிச் சட்டம் போட்டு: 'ஆண்டின் சிறந்த கோப்பு.' இடது பக்கம் 'சிகிச்சைக்கு முன்': ரேடியோ முப்பத்திரண்டும் தெரியற மாதிரி சிரிக்குது, அதுக்கு அவ்வளவு பல்லு இல்லேன்னாலும். வலது பக்கம் 'சிகிச்சைக்குப் பின்': வீங்கின உதடு, இறுக்கி மூடின வாய், கோபக்காரக் கிளி.

பெஞ்சுல ஒரு அம்மா, மடியில கன்னம் வீங்கின பையன். அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டிருந்தவங்க அப்பாகிட்ட மெல்ல, "ஏங்க, நல்லா இருந்த பிள்ளையை என்ன கதி பண்ணியிருக்காங்க பார்த்தீங்களா? எனக்கு ஈரக்குலை நடுங்குது, எழுந்து போயிடலாமான்னு பார்க்கறேன்"ன்னாங்க.

"அது நான்தான் ஆன்ட்டி!" ரேடியோ குறுக்க பாய்ஞ்சுது. "இடமும் வலமும் மாத்தி ஒட்டிட்டாங்க! நான் குழாயில குனிஞ்சேனா, அப்போ பின்னாடி..." ஆரம்பிச்சு, விடாம, பாதி கூடம் கேக்கற மாதிரி.

அந்த அம்மா அதோட பல்லையே குனிஞ்சு நிமிந்து பார்த்தாங்க. ஒட்டு எங்க இருக்குன்னே தெரியல. "யாருங்க ஒட்டினது? எங்க போகணும்?"

"ஆறாம் நாற்காலி"ன்னாரு அப்பா. அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, அரங்கத்துப் பக்கம் கையைக் காட்டினாரு. "ஆனா அதுக்கு முன்னாடி, அங்க இருக்கற பெரிய பல்லு இன்னிக்கு உடைஞ்சிருக்கான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க."